அறுபது கிலோவுக்கு இடம்

படிவத்தில் இரண்டே கட்டங்கள்.
யம்பேலிலிருந்து தொக்கோவுக்கு
தூரம்: முப்பத்தொரு கிலோமீட்டர்.
பறக்கும் நேரம்: பன்னிரண்டு நிமிடம்.
அது இறங்கும்போது.
ஏறி வரும்போது பதினான்கு.
அதற்குக் கட்டம் கிடையாது,
ஓரத்தில் பென்சிலால் எழுதிக்கொள்வேன்.

விமான நிலையம் என்பது
சரிவாக வெட்டிய புல்தரை,
ஒரு தகரக் கொட்டகை, ஒரு ரேடியோ,
ஒரு தராசு, நான்.
பன்றிகளை விரட்டுவதும் என் வேலைதான்.
பத்து மணிக்குமேல் பினிஸ்டெர் மலையின் இடுக்கை
மேகம் வந்து தைத்துவிடும்.
அதற்குள் எல்லாரையும் எல்லாவற்றையும் நிறுத்தாக வேண்டும்:
கோழியை, தேர்வுத்தாள் கட்டை, பிள்ளைத்தாய்ச்சியை.

அன்று மீதமிருந்தது
அறுபது கிலோவுக்கு இடம்.
கிதிசாய் வந்தார்.
காப்பி மூட்டை, சரியாக அறுபது.
கிதிசாய் அறுபத்திரண்டு.
சட்டையைக் கழற்றினார்.
அறுபத்திரண்டுதான்.

தராசில் நின்றபடியே கொஞ்ச நேரம் யோசித்தார்.
பிறகு மூட்டையை ஏற்றச் சொன்னார்.
வாய்க்கட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்தார்.
ஜன்னலோரமாக வைக்கச் சொன்னார்.
பைலட் சிரித்தான்.
விமானம் மறைவதற்கு முன்பே
வெட்டுக்கத்தியைத் தோளில் சாய்த்துக்கொண்டு
நடக்கத் தொடங்கிவிட்டார்.

அரை நாழிகையில் ரேடியோவில் மேக்கி:
"மூட்டை வந்து சேர்ந்தது."

நடந்தால் மூன்று நாள்.
இரண்டாம் நாள் மழை பிடித்தது.
மூன்றாம் நாள் மேக்கி,
"மூட்டை இருக்கிறது, ஆளைக் காணோம்" என்றார்.
நான்காம் நாள்
பிரம்புப் பாலத்தை ஆறு கொண்டுபோன சேதி வந்தது.
கிதிசாயின் மனைவி சோபே
கொட்டகைக்குள் வந்து, ரேடியோவுக்கு எதிரே உட்கார்ந்து
சர்க்கரைவள்ளிக் கிழங்கு சீவினாள்.
என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.
தோல் அறாமல், ஒரே நீளமாக வந்துகொண்டிருந்தது.
நான் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டுவதும் குறைப்பதுமாக இருந்தேன்,
ஏதோ வேலை இருப்பதுபோல.

ஐந்தாம் நாள், மேகம் மூடப்போகும் நேரம்:
"வந்துவிட்டார். மூட்டைமேல் உட்கார்ந்திருக்கிறார்.
மறுபடி நிறுக்கச் சொல்லிச் சண்டை."
ஈரம் குடித்த மூட்டை அறுபத்தொன்று.
கிதிசாய் ஐம்பத்தெட்டு.
அவர் சிரித்தது ரேடியோவின் கரகரப்பை மீறிக் கேட்டது:
"உட்கார்ந்து தின்றது அது, பார்!
இப்போது வைத்தால் நான் ஏறுவேன், மூட்டை நடக்கட்டும்."
சோபே கத்தியைத் துடைத்து எழுந்து போனாள்.
கிழங்கை விட்டுவிட்டாள்.

விற்ற காசில் டிக்கெட் வாங்கி
மடித்த வெறுஞ்சாக்கோடும்
ஒரு குலைப் பாக்கோடும் பறந்து வந்தார்.
பதினான்கு நிமிடமும் கண்ணாடியில் நெற்றியை ஒட்டியபடி
ஆறு எங்கே,
இரண்டு இரவு குந்தியிருந்த பாறை எங்கே என்று தேடினாராம்.
எல்லாம் வெள்ளையாகக் கிடந்ததாம்.

தொக்கோவில் வாயில் போட்ட பாக்கு
இன்னும் சிவக்கவேயில்லை என்று
எனக்கு நாக்கை நீட்டிக் காட்டினார்,
கொடுத்த காசுக்குக் குறைவாகப் பறக்கவிட்டதுபோல.

சோபே அவர் நாக்கைப் பார்க்கவில்லை.
குனிந்து, முழங்காலுக்குக் கீழே
அட்டை கடித்த தழும்புகளை
சத்தமாக எண்ணிக்கொண்டிருந்தாள்.
பதினேழு. இடது கால் மட்டும்.

எழுதி வைக்கலாமென்று பென்சிலை எடுத்தேன்.
ஓடுபாதையில் பன்றி.