கட்டம் ஏழு

நார்வா, பிப்ரவரி.
ஆற்றுக்கு அந்தப் பக்கம் ரஷ்யா.
இந்தப் பக்கம் நான், ஒரு ஹீட்டர்,
கட்டு அவிழ்க்காத படிவங்கள்.
ஆற்றில் போட்டாலும் அளந்து போடச் சொல்கிறது தலைநகரம்.
அளக்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த வருஷம்
'ஊசி' என்ற கோடு
திரையின் உச்சியில் முட்டிக்கொண்டு நின்றது.
பெயர்கள் எனக்கு வராது, குறியீடுகள்தான்.
ஆனாலும் ஊர் சின்னது.
பிறந்த தேதி போதும்,
முன்பெஞ்சில் உட்கார்ந்து என் பென்சிலைக் கடித்த
வெனியாமின் என்று தெரிந்துவிடும்.

அந்தக் கோடு இப்போது இறங்கிவிட்டது.
கூட்டத்தில் கைதட்டினார்கள். தட்டினேன்.
சுத்தமான ஊசிகளால் இறங்கியது பாதி.
மீதி,
எண்ணுவதற்கு ஆளில்லாமல் இறங்கியது.

'ஆணோடு ஆண்' கட்டத்தில்
எங்கள் ஊரில் டிக் விழுவதே இல்லை.
அவர்கள் விடியற்காலை பஸ் ஏறி தாலின் போய்
அந்த ஊர்க் கோட்டில் சேர்ந்துகொள்கிறார்கள்.
அங்கே உயர்கிறதாம். இங்கே பூஜ்யம்.
பூஜ்யத்துக்குப் பஸ் டிக்கெட் பதினோரு யூரோ.

அடியில் ஒரு கோடு, யாரும் நிறம் கொடுக்காதது:
பெண்கள், ஐம்பதுக்கு மேல்.
எறும்பு சுவரேறுவதுபோல் ஏறுகிறது.

ஸினாயிதாவுக்கு ஐம்பத்தெட்டு.
மூடிப்போன நூற்பாலையில் இருபது வருஷம்.
நிமோனியா இரண்டு தரம், எடை பதினாலு கிலோ குறைவு,
மூன்று டாக்டர்கள்.
மூவருமே கேட்டது சிகரெட்டைப் பற்றி.
நான்காமவள் புதுசு, கூச்சமில்லாதவள்,
ரத்தம் எடுத்தாள்.

கட்டம் கட்டமாக நர்ஸ் க்யுல்லி வாசித்தாளாம்.
ஊசி? இல்லை.
பணத்துக்கு? அவள் சிரித்தாள்: யார் கொடுப்பார்கள்?
வெளிநாட்டு ஆண்?
நாலாம் மாடி. என் குழாயைச் சரிபண்ண வந்தவர்.
குழாய் ரிப்பேர் என்று எழுதிக்கொள்.
எழுத இடமில்லை.
கட்டம் ஏழு: தெரியவில்லை.

அவளுக்குத் தெரியும். படிவத்துக்குத்தான் தெரியாது.

ரத்த அழுத்தத்துக்கு ஒன்று, இதற்கு ஒன்று,
தினம் இரண்டு மாத்திரை. எடை கூடிவருகிறாள்.
குழாய் மறுபடி ஒழுகுகிறதாம்.

இன்று மாலை கம்ப்யூட்டரை அணைத்தபின்
திரையில் என் முகம்.
ஐம்பத்து மூன்று. விவாகரத்து ஆறு வருஷம் முன்பு.
அப்புறம் ஒருவர். அப்புறம் இன்னொருவர், போன கோடையில்.
இத்தனை வருஷம் கோடு போட்டவள்
ஒரு தடவைகூட விரல் நீட்டியதில்லை.

க்யுல்லி எதுவும் கேட்கவில்லை.
மேஜையை மட்டும் துடைத்தாள்.
எறும்பு கடித்த மாதிரி.
பதினைந்து நிமிஷம் என்றாள்.

வெளியே நீர்த்தேக்கத்தின் பனியில் துளை போட்டு
குந்தியிருக்கிறார்கள் மீன்பிடிக்கிறவர்கள்.
ஒருவர் எழுந்து காலை உதறிவிட்டு
மறுபடி உட்காருகிறார்.