இறந்தவன் தறித்த பாலை

வழக்கறிஞர் கேட்டது ஒரேயொரு தாள்.
"வம்சாவழி. மேலிருந்து கீழே. பங்குகளோட."

செட்டிகுளத்துக்கு மேற்கே தெற்கத்தியான் காணி,
ஏழு ஏக்கர், கொஞ்சம் சில்லறை.
அதில் எனக்கு நாற்பத்தெட்டில் ஒன்று.
நிற்கலாம். படுத்தால் கால்
அடுத்தவன் பங்குக்குள் போகும்.

மேலே யார் என்று ஒருவருக்கும் தெரியவில்லை.
ஸ்காபரோவிலிருந்து மச்சாள் குரல் அனுப்பினாள்:
"உடையார் பரம்பரை எண்டு எழுது.
ஆர் போய்ப் பாக்கப் போகினம்?"

நான் போய்ப் பார்த்தேன்.
கொழும்புச் சுவடிக்கூடத்தில் மூன்று நாள்,
கையுறைக்குள் வியர்த்தபடி.

பாதைக் கணக்கு. ஓரம் பூச்சி தின்றது.
கோப்பித் தோட்டம் நோக்கிக் கரையிறங்கிய கூட்டமொன்று
செட்டிகுளம் மடுவத்துக்கு நூற்றுப் பன்னிரண்டு பேராய் வந்து
எண்பத்தொன்பதாய்ப் புறப்பட்டிருக்கிறது.
கழிந்த இருபத்து மூன்றில் பதினேழாவது:
சோணைமுத்து, இருபது வயதளவில், வாந்திபேதி.
பக்கத்தில் ஒரு புள்ளடி.

செத்தவனுக்கு வம்சம் ஏது?
கட்டை மூடி நூலைச் சுற்றினேன்.

அடுத்த நாள் வேறு கட்டு, வேறொருவன் கையெழுத்து.
இடையில் பன்னிரண்டு வருடம்.
அனுமதியின்றிப் பாலைமரம் ஒன்று தறித்ததற்கு
தெற்கத்தியான் சோணைமுத்து, செட்டிகுளம்,
மூன்று சிலிங் தண்டம்.
கட்டினான்.

அந்தக் "கட்டினான்" மீது
மதியச் சாப்பாட்டு மணி அடிக்கும்வரை இருந்தேன்.
கூட்டம் விட்டுப்போன இடத்தில்
ஒருவன் கோடரியோடு நிற்கிறான்.

யாரோ கிட்டப் போயிருக்க வேண்டும்.
எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு
காட்டுக்குள் ஒதுங்கிய நாளில்
யாரோ சிரட்டையில் உப்புக்கஞ்சி வைத்து,
குடித்தானா என்று பொழுதுபட்டதும்
திரும்ப வந்து பார்த்திருக்க வேண்டும்.
அதற்குக் கச்சேரியில் கட்டு இல்லை.

இன்னொன்றும் விளங்கவில்லை.
வடமேற்கே கடல் தாண்டி வந்தவன்
எப்படித் தெற்கத்தியான்?
தன் கரையில் அவன் தெற்குச் சீமைக்காரன்.
ஊர் கேட்டிருக்கும், சொல்லியிருப்பான்.
திசை மாறிய பிறகும் பெயரை மாற்றவில்லை.
பாலையைத் தறித்த பிடிவாதம்தான் இதுவும்.

மூன்றாம் நாள் நொத்தாரிசின் உறுதி கிடைத்தது.
காணி அவனுடையதே அல்ல.
நீலாத்தை என்கிற நான் என் முதுசக் காணியை
என் மகள் வள்ளியாச்சிக்குச் சீதனமாக.
கடைசி வரியில்,
புருஷன் சோணைமுத்து சம்மதித்து இட்ட கைக்குறி.

புள்ளடி.
எழுதத் தெரியாதவனின் இரண்டு கோடு.
மடுவத்துக் கணக்கில் அவனைக் கொன்ற அதே வடிவம்,
இங்கே கொஞ்சம் சாய்ந்து,
மை கூடிப்போய்.

எனக்குப் புள்ளடி தெரியும்.
அதே செட்டிகுளத்தில், வெள்ளைத் தறப்பாளின் கீழ்,
தண்ணீர் பவுசருக்கு நான் வரிசையில் நின்ற வருடம்
பதிவு மேசையில் ஒரு பட்டியல் இருந்தது.
தம்பி துவாரகன், வயது பத்தொன்பது.
நேரே ஒரு புள்ளடி.
என்ன குறி இது என்று கேட்டேன்.
"பிறகு சொல்லுவம்" என்றார்கள்.
பட்டியல் வேறு மேசைக்குப் போனது.
பிறகு மேசையும் போனது.

வழக்கறிஞருக்குத் தாளை நீட்டினேன்.
மேலே நீலாத்தை.
பக்கத்தில் கோடு போட்டுச் சோணைமுத்து, பங்கில்லை.
உடையாரைக் காணவில்லை என்பதை
அவர் கவனிக்கவில்லை.
அடியில் பேனாவை வைத்து நின்றார்.

"இவரை விட்டால் உங்களுக்கு இருபத்துநாலில் ஒன்று.
மரணச் சான்றிதழ் எடுக்கிறது சுகம்.
படிவம் என்னட்டையே இருக்கு."

வெளியே வீதிக்கரையில்
யாரோ பாலைப்பழம் கூறு வைத்து விற்றார்கள்.
வாயெல்லாம் ஒட்டும் பழம்.

போடுங்கோ, என்றேன்.
நாற்பத்தெட்டில் ஒன்று, அவனுக்கு.