சனிக்கிழமை வரும் கப்பல்

வில்ஹெல்ம்ஸ்ஹாஃபனில் விடிகாலை நாலு மணி.
சூடான தேநீரில்
கற்கண்டு விரிசல் விடும் சத்தம்.
பென்சில்வேனியாவில் இன்னும்
எண்ணி முடிக்கவில்லை.

இம்கே வரைபடத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டாள்.
அங்கே சிவப்பு, அங்கே நீலம்.
அவள் கையிலோ
எரிவாயு முனையத்தின் வாய்க்கருகில் அள்ளிய கடல்
சோதனைக் குழாயில் மெல்ல
இளஞ்சிவப்பாகிறது.
குளோரின்.

"நமக்கு அங்கே ஓட்டில்லை"
என்கிறான் ட்யார்க், ஏழாவது தடவையாக.
யாரும் மறுக்கவில்லை,
யாரும் தூங்கப் போகவுமில்லை.

இந்த அறை வெதுவெதுப்பாக இருப்பதும்
அதே வாயுவால்தான்.
வீப்கே எழுந்து போய்
ஹீட்டரை ஒரு புள்ளி குறைக்கிறாள்.
பிறகு ஸ்வெட்டரைத் தேடுகிறாள்.

பிரசாரத்தில் இரண்டு பேருமே
"குழாய்" என்று சொன்னார்கள்.
ஒருவர் கத்திச் சொன்னார்,
மற்றவர் தொண்டையைச் செருமிவிட்டுச் சொன்னார்.

லூசியானாவை விட்டு ஒன்பது நாளான கப்பல்
ஜெயித்தது யாரென்று கேட்காமல்
அசோர்ஸைத் தாண்டிவிட்டது.

ட்யார்க் நோட்டைத் திறக்கிறான்.
வரிசை எண் அறுபத்திரண்டு.
வரும் நாள்: சனி.
வழக்கமாகப் பென்சிலில் எழுதுபவன்,
இதைப் பேனாவால் எழுதுகிறான்.

டிவியில் ஒருவர் சொல்கிறார்:
இப்போதே எதுவும் சொல்ல முடியாது.