ஆள் கணக்கு

இரவு ஒன்று நாற்பதுக்கு மேல்கம்பியில் மின்சாரம் நிற்கும்.
காட்டன் கிரீனுக்கும் சிவ்ரிக்கும் நடுவே
தண்டவாளம் எங்களுடையது,
நாலு மணி வரைக்கும்.

ஜூன் மாதம் மேட் ஆனேன்.
ஒன்பது வருஷம் கடப்பாரை பிடித்த கையில்
ஒரு விசில், ஒரு செல்போன், நீலக்கோடு போட்ட பதிவேடு.
முதல் வேலையாகப் பழைய மேட்டின் தொண்டையைக் கடன் வாங்கினேன்.
அவர் திட்டிய வார்த்தைகளில்
என் வாயில் நுழைந்தவற்றை மட்டும்.
கேங் வேகமாக வேலை செய்தது.
பேச்சு நின்றது.
பீடிகூட எனக்கு முதுகு காட்டியே புகைந்தது.
மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

ஆகஸ்டில் கிளிப் ஒன்று கழன்று கிடந்ததைக்
காலையில் கீமேன் பார்த்துவிட்டார்.
இரண்டு நாள் லோக்கல்கள் ஊர்ந்து போயின.
இஞ்சினியர் கேட்டது ஒரே கேள்வி:
யார் போட்டது?
முன்னா யாதவ், என்றேன்.
கேள்வி முடியும் முன்பே சொல்லிவிட்டேன்.
பொய் இல்லை, அவன் போட்டதுதான்.
பார்த்துச் சரி என்று கையெழுத்திட்டது யார் என்று
அவர் கேட்கவில்லை.
நானும் ஞாபகப்படுத்தவில்லை.

மறு இரவு, "குட் ஈவினிங், மேடம்" என்றான் முன்னா.
அதுவரை தீதி.

செப்டம்பரில், கழிமுகச் சேறு நாறும் ஓர் இரவு,
மூன்று ஐம்பத்திரண்டு.
ஜாக் இரண்டு, கடப்பாரை ஏழு, ஸ்பேனர் ஐந்து, சரி.
ஆள் பதினொன்று.
முகத்துக்கு முகம் டார்ச் அடித்து மறுபடி எண்ணினேன்.
காம்ப்ளே, இர்ஃபான், ராத்தோட்,
நின்றபடியே தூங்கும் தானாஜி…
பதினொன்றுதான்.

கன்ட்ரோல் கேட்டது: லைன் கொடுக்கலாமா?
வேண்டாம்.
நாலு மணி ஆச்சு.
வேண்டாம் சார்.
பன்வேல் வண்டியில் ஜனம் ஏறி உட்கார்ந்தாச்சு,
காரணம் என்ன எழுத?
ஓர் ஆளைக் காணவில்லை.
யார் பொறுப்பு?

இந்தக் கேள்வியை எனக்குத் தெரியும்.
இதன் தங்கையிடம்தான் போன மாதம் தோற்றேன்.
என் பெயரைச் சொன்னேன்,
மங்கையர்க்கரசி,
எழுத்து எழுத்தாக.
மறுமுனையில் இருந்தவருக்கு
அதை எழுதி முடிக்கவே ஒரு நிமிடம் பிடித்தது.

நாலு பதினொன்றுக்குக் கல்வெர்ட் பக்கம் வெளிச்சம் அசைந்தது.
இர்ஃபான் தோளில் முன்னா.
ஈரப் பேன்ட், ஒரு பக்கம் நழுவிய ஆரஞ்சு கோட்டு.
சாயங்காலத்திலிருந்தே வயிறு போகிறதாம்,
நிற்க முடியாமல் அங்கேயே சரிந்திருக்கிறான்.
ஏன்டா சொல்லவில்லை என்றார் ராத்தோட்.
அவன் என்னைப் பார்த்தான்,
உடனே தரையைப் பார்த்தான்.
வேறு பதில் இல்லை.

பதினாறு நிமிடத் தாமதத்துக்கு மெமோ வந்தது.
மடித்துப் பைக்குள் வைத்தேன்.
அவன் தரையைப் பார்த்ததற்கு
எந்த மெமோவும் வரவில்லை.

அடுத்த திங்கள் இஞ்சினியர் அறைக்குப் போய்ப்
பதிவேட்டில் ஆகஸ்ட் பக்கத்தைத் திருப்பி
அடியில் இருந்த கையெழுத்தைக் காட்டினேன்.
"தெரியும். இப்ப எதுக்கு இது?" என்றார்.
எனக்கும் சொல்லத் தெரியவில்லை.
அவன் தண்டனையில் பாதியை என் பெயருக்கு மாற்றச் சொன்னேன்.
அப்படி மாற்ற விதியில்லை என்று டீ வரவழைத்தார்.
ஆறவிட்டு வந்துவிட்டேன்.

இப்போது வேலைக்கு முன்னால்
கருவிகளை எண்ணுவதற்கும் முன்னால்
கேட்கிறேன்: யாருக்கு உடம்பு சரியில்லை?
மூன்று இரவு, ஜல்லிக்கல்கூடப் பேசவில்லை.
நாலாம் இரவு காம்ப்ளே, வேறெங்கோ பார்த்துக்கொண்டு,
"முட்டி" என்றார்.
சிவப்பு விளக்கைக் கொடுத்து வளைவில் நிற்கச் சொன்னேன்.
அவருடைய ஜாக்கை நான் பிடித்தேன்.
பழக்கம் விட்டுப்போன தோள் இரண்டு நாள் வலித்தது.

முன்னா இன்னும் மேடம் என்றுதான் கூப்பிடுகிறான்.
ஆனால் நேற்று, நான் சரி பார்த்து நகர்ந்த கிளிப்பைச்
சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டி, காது கொடுத்து,
"இது பிடிக்கலை, மேடம்" என்றான்,
பத்துப் பேர் கேட்கும்படி.

திரும்பி நடந்து போய்
அவன் பக்கத்தில் குனிந்தேன்.