பிப்ரவரிக்குள் கூரை

ஃபுஜைராவில் எங்கள் சன்னலுக்கு எதிரே
எண்ணெய்க்கு வரிசை நிற்கும் கப்பல்கள்.
இரவில் ஓர் ஊர் மாதிரி இருக்கும்.
விடிந்தால் அந்த ஊரில் பாதியைக் காணோம்.

ரூபர்ட்டுக்கு அவற்றிடம் போய்வரும் படகில்
இன்ஜின் அறை. பத்தொன்பது வருஷம்.
குக்கர் விசில் அவனுக்குக் கேட்காது,
நான்தான் எண்ணிச் சொல்ல வேண்டும்.

எனக்கு டிப்பா சாலையில் ஒரு டைவிங் கடையில் கணக்கு வேலை.
எத்தனை சிலிண்டர் போனது, எத்தனை திரும்பியது,
துடுப்புக்காலை உடைத்தது எந்த வாடிக்கையாளர்.
எட்டு வருஷம் எழுதிய பிறகுதான் கேட்டேன்,
கீழே அப்படி என்னதான் இருக்கிறதென்று.
ஒரு ஞாயிற்றுக்கிழமை, பன்னிரண்டு மீட்டரில்,
ஓர் ஆமை என்னைப் பார்த்தது,
பார்த்துவிட்டுத் தன்பாட்டுக்கு மேய்ந்தது.
அதற்கப்புறம் என் கையெழுத்தே மாறிவிட்டது.

கல்யாணமாகி இருபது வருஷம், எங்காவது போவோம் என்றதும்
இருவரும் ஒரே வாயாகக் கடல் என்றோம்.
வேறு வேறு கடல் என்பது
அரைமணி நேரத்தில் தெரிந்தது.
அவனுக்குப் பாய்.
"ஒரு வாரம், மோட்டார் இல்லாம, காத்து இழுக்கிற பக்கம்."
எனக்குப் பார். பாசி பிடித்த பாறை, அதன் இடுக்கு,
இடுக்கிலிருந்து முறைக்கும் ஏதாவது ஒன்று.

பொனேர் தீவில் கரையிலிருந்தே இறங்கலாமாம்,
சாலையோரம் மஞ்சள் கற்கள் இடம் காட்டுமாம்.
"நீ இறங்கிடுவ. நான் கல்லை எண்ணிட்டு உக்காரவா?"
சேபாவில் மலைதான் தீவு,
தண்ணீருக்குள்ளும் அதே மலை தொடர்கிறது.
விமான ஓடுதளத்தின் நீளத்தைப் படித்தான்,
மடிக்கணினியை மூடினான்.
பெக்வே என்றபோது அவன் முகம் பார்க்கவேண்டுமே.
படகு வாடகையைத் திர்ஹாமில் பெருக்கிக் காட்டினேன்.
இன்னும் சில தீவுகளை நாங்கள் கழிக்கவில்லை,
பாஸ்போர்ட் கழித்தது.

மிஞ்சியது காரியாகு.
கிரெனடாவின் பொடிசு.
பெரிய தீவின் கொடியில் ஒரு ஜாதிக்காய் இருக்கிறது.
பிள்ளை வயிற்றுக்கு உரைத்துக் கொடுக்கிற சாமானைக்
கொடியில் வைத்தவர்களை நம்பலாம் என்றேன்.
மரப்படகை இன்னும் கரையில் வைத்தே கட்டுகிறார்கள் என்றான்.
பாருக்கும் தூரமில்லை.

அடுத்த படத்தில் புயல் வந்துபோயிருந்தது.
தலையில்லாத வீடுகள்.
அலையாத்திக் காட்டுக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக
ஏறிக் கிடந்த படகுகள்.
"இந்த நேரத்துல போய் நாம குளிச்சிட்டு வர்றதா?" என்றேன்.
"வாடகை குடுத்துத்தானே குளிக்கப்போறோம்?" என்றான்.
ரெண்டு நாள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

விடுதி நடத்தும் கோரலைனுக்கு எழுதிப் போட்டேன்.
குரலில் பதில் வந்தது, பின்னால் சுத்தியல் சத்தம்.
பிப்ரவரிக்குள் கூரை போட்டுவிடுவார்களாம்.
பார் உடைந்திருக்கிறதாம், பொய் சொல்ல மாட்டாளாம்,
மீன் ஒவ்வொன்றாகத் திரும்புகிறதாம்.
காற்றுக்கு ஒன்றும் ஆகவில்லையாம்.

ரூபர்ட் அதை மூன்று தடவை போட்டுக் கேட்டான்.
அவள் பேச்சையல்ல.
"ஆணி நேரா இறங்குது," என்றான்,
குக்கர் விசில் கேட்காத மனுஷன்.

முன்பணம் அனுப்பிய இரவு,
வெளியே ஏதோ ஒரு கப்பல் நங்கூரச் சங்கிலியை
கடகடவென்று இறக்கிக்கொண்டிருந்தபோது கேட்டான்:
"கீழ என்ன சத்தம் இருக்கும்?"
நம்ம மூச்சு.
அப்புறம் தூரத்தில் பொரி பொரிகிற மாதிரி ஒன்று,
இறால்களாம்.
"இன்ஜின்?"
படகு வந்தால்தான். வராத நேரம் நிறைய.

சங்கிலி நின்றது.
தூங்கிவிட்டான் என்று நினைத்தேன்.
"எனக்கும் ஒரு சிலிண்டர் எழுதிக்கோ," என்றான்.

எழுதிக்கொண்டேன்.
துடுப்புக்கால் அளவு என்ற கட்டம்தான் காலி.
அவன் குறட்டை விடத் தொடங்கியதும்
போர்வையை விலக்கி
பாதத்தைச் சாணால் அளந்தேன்.
ஒன்றேகால்.
பெரிய கால்தான்.