பதினெட்டுச் சுற்று

நகராட்சிப் படிவத்தில் இரண்டே பெட்டி:
இயங்குகிறது, இயங்கவில்லை.
இருபத்தொரு குளிர்காலமாக
இரண்டில் ஒன்றில் கோடு இழுக்கிறேன்.
பஃபலோ குடிநீர்த் துறை, கிழக்குப் பகுதி.
கீழே டெலோரஸ் பியாட்கோவ்ஸ்கி என்று கையெழுத்து.
என் பெயருக்கே அங்கே இடம் போதாது.

அதற்கோ உடம்பெல்லாம் சொல்.
தலையில் பானட், கைக்குழந்தையின் குல்லாய்.
நடுவில் பேரல்.
மண்ணுக்குள் ஐந்தடி ஆழத்தில் ஷூ.
ஒற்றைக் கால், ஆகவே ஒரே ஷூ.
மூடி தொலையாமலிருக்கச் சங்கிலி;
சங்கிலிதான் முதலில் தொலையும்.

தீயணைப்பு ஆட்கள் மொத்தத்தையும் பிளக் என்பார்கள்.
ஒரு காலத்தில் தெருவுக்கடியில் ஓடியது மரக்குழாய்.
தீப்பிடித்தால் தோண்டி, துளை போட்டு, இறைத்து,
அணைந்ததும் ஒரு கட்டையை அறைந்து அடைப்பார்களாம்.
மரம் மக்கிவிட்டது. கட்டையும் போயிற்று.
அடைப்பான் என்ற பெயரில்
திறப்பதற்கென்றே ஒன்று நிற்கிறது,
மூலைக்கு மூலை, மஞ்சள் பூசிக்கொண்டு.

பாதி திறக்கக் கூடாது.
பதினெட்டுச் சுற்று என்றால் பதினெட்டு.
இடையில் நிறுத்தினால்
அடியிலிருக்கும் சின்னத் துளை மூடாமல் நின்று
சுற்றி இருக்கும் மண்ணை அரித்துத் தின்னும்.
ஒரு நாள் நடைபாதை உட்கார்ந்துவிடும்.

அதன் பெயர் அழுகிற துளை.
படிவத்தில் கிடையாது, கையேட்டில் உண்டு.
வேலை முடிந்து மூடியதும்
உள்ளே தங்கிய தண்ணீரை எல்லாம்
அது மண்ணுக்குக் கொடுத்துவிட வேண்டும்.
கொடுக்காவிட்டால் இரவில் உறையும்.
வார்ப்பிரும்பு விரியும் சத்தத்தை
இரண்டு முறை கேட்டிருக்கிறேன். போதும்.

பிப்ரவரியில், லத்தம் தெரு, அறுபத்திரண்டாம் எண்.
கார்மைன் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.
இரண்டு பிள்ளைகளையும் போர்வையோடு இறக்கிவிட்டு
வாபோ தெருவில் நின்றிருந்தாளாம்.
இடுப்பளவு பனி. எல்லா மேடும் ஒரே மேடு.
"பிளக் எங்கே?" என்று இவன் கத்த,
அவள் எரிகிற மாடியைக் காட்டியிருக்கிறாள்.
"பிளக். அங்கே. ஹீட்டர்."

சரியான பதில்தான்.

இவன் முழங்கால் உயரம் காட்டி
காற்றில் கையைச் சுற்றிக் காட்டினான்.
சட்டென்று ஓடினாள், வெறும் சாக்ஸோடு,
ஜூலையில் பிள்ளைகள் நனைந்து கூத்தடித்த இடத்துக்கு.
அங்கே ஒரு நீலக் கார்.
காருக்கும் பின்னால் பனியைக் கையால் வாரினாள்,
மஞ்சள் தெரியும்வரை.

கண்ணாடி இரண்டையும் உடைத்து
காருக்குள்ளேயே ஹோஸை விட்டார்கள்.
சொந்தக்காரன் பைஜாமாவோடு வந்து
யார் மீதோ வழக்குப் போடப்போவதாகச் சொன்னான்.
"தண்ணி அனுப்பு."
செத்த பாம்பாய் இருக்கைமேல் கிடந்தது
உப்பி, திமிறி, கதவில் இடித்து எழுந்தது.
அவன் அதற்கப்புறம் பேசவில்லை.

நான் போகும்போது மணி நாலரை.
தெருவே கண்ணாடி. வீட்டுக்கு இனி மாடி இல்லை.
தன்னார்வலர் யாரோ கொடுத்த பெரிய பூட்ஸோடு
வாபோ என்னருகில் வந்து, இதன் பெயர் என்ன என்றாள்.
பம்ப் என்றேன். பிளக் என்றேன்.
அதற்கு முகம் சுளித்தாள்.
ஹைட்ரண்ட் என்றேன்.
மூன்று முறை சொல்லிப் பார்த்தாள்.
பிறகு அவள் பிள்ளைகள் வைத்திருக்கும் பெயரைச் சொன்னாள், கரேனில்.
எனக்கு நாக்கு வளையவில்லை. இன்னும்தான்.

வலப்பக்கம் பதினெட்டு, மூடினேன்.
கையுறையைக் கழற்றி
வாயின்மேல் உள்ளங்கையைப் பொத்தினேன்.
உள்ளே தண்ணீர் இறங்கினால் கையை இழுக்கும்;
அதுதான் சோதனை.
இழுக்கவில்லை.

பக்கத்து வாய்க்கு மூடி இல்லை.
சங்கிலியும் இல்லை.
கேட்காமலே அவள் அதன்மேல் தன் கையை வைத்தாள்.

நின்றோம்.
இரும்பு சுட்டது, அவ்வளவு குளிர்.
இழுத்தது.