பிழைப் படிவம்

லாங்கென்தால் ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடியை
எட்டு வருசம் துடைத்தவள் நான்.
எந்தக் கட்டிலின் சில்லு கிரீச்சிடும் என்பது
மனப்பாடம்.
வெள்ளைச் சட்டையோடு அங்கே போன முதல் நாள்
கையில் வாளி இல்லாமல்
நடக்க வரவில்லை.

லதீனாவுக்கு இருபத்தாறு வயது.
என் மூத்தவனைவிட மூன்று வயது கூட, அவ்வளவுதான்.
எனக்குப் படிப்பிக்க வந்தவள்
முதலில் கேட்டாள்:
"இந்த மாடியில் இரவில் அழுகிறது ஆர்?
உங்களுக்குத் தெரிந்திருக்குமே."
சொன்னேன். எழுதிக்கொண்டாள்.

நவம்பரில் ஒரு காலை,
ஸ்டூடர் ஐயாவின் இன்சுலினைப்
பக்கத்துக் கட்டில்காரருக்கு ஏற்றிவிட்டேன்.
எட்டு அலகு.

அவள் கத்தவில்லை.
பரவாயில்லை என்றும் சொல்லவில்லை.
டாக்டரைக் கூப்பிட்டாள், சர்க்கரை பார்த்தாள்,
தோடம்பழச் சாற்றை என்னிடம் நீட்டி
"நீங்களே குடுங்கோ" என்றாள்.

மத்தியானம், படிவம்.
என் ஜெர்மன் தடுக்கி விழுந்த இடங்களில்
சொல் எடுத்துத் தராமல் காத்திருந்தாள்,
தன் வேலை முடிந்து
ஒரு மணித்தியாலம் கடந்தும்.
கடைசிக் கேள்வி: மேற்பார்வை யார்?
பேனாவை வாங்கித்
தன் பெயரைத் தானே எழுதினாள்.

அடுத்த நாள் ஏழரைக்கு
ஊசித் தட்டை என் பக்கம் தள்ளினாள்.
கை நடுங்கியது. அவள்
தட்டைத் திருப்பி எடுக்கவில்லை.

ஸ்டூடர் ஐயா பெயரைச் சொன்னார்.
மணிக்கட்டுப் பட்டியும் அதையே சொன்னது.
என்றாலும் இன்னொருக்கால் கேட்டேன்.

"இன்னும் நான்தான் பிள்ளை"
என்றார், சட்டையைத் தூக்கிப் பிடித்தபடி.